பிரசவத்துக்குப் பின் இடுப்பு நோ: கொழும்பில் ஒஸ்டியோபதி செய்பவர்களைத் தெரியுமா?

அக்காமார், தங்கச்சிமாருக்கு வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறேன். சுகப்பிரசவம்தான், பிள்ளைக்கு மூன்று மாதம். கட்டிலில் திரும்பினாலும் படி ஏறினாலும் முள்ளந்தண்டு முடிகிற இடத்தில் குத்தி நோகிறது. தும்மினால் சிறுநீர் கசிகிறது. இதை வெளியில் சொல்லவே எனக்கு இவ்வளவு நாள் எடுத்தது.

அம்மா வேதுத் தண்ணீர் வார்த்து, சரக்குக்கறி தந்து நன்றாகத்தான் பார்த்தார். ஆனால் கேட்டால், "பிள்ளை பெத்தால் அப்படித்தான்" என்கிறார்கள். அப்படி விட்டுவிட எனக்கு மனமில்லை.

லண்டன் மச்சாள் ஒஸ்டியோபதியில் இடுப்பு நோ குறைந்ததாகச் சொன்னார். கையாலேயே மூட்டையும் தசையையும் இளக்குவார்களாம். அங்கே 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்தவர்கள் மட்டுமே தங்களை ஒஸ்டியோபத் என்று சொல்லலாம். இங்கே யாரை நம்பிப் போவது? பயிற்சி இல்லாதவர்களிடம் முதுகைக் கொடுக்கப் பயம்.

கசிவுக்கு முதலில் இடுப்புத்தளத் தசைப் பயிற்சிதான் என்பதால், அதைச் சரியாகச் சொல்லித் தரும் பெண் பிசியோதெரபிஸ்ட் என்றாலும் சரி. தெஹிவளை, பம்பலப்பிட்டிப் பக்கம் நீங்களே போய்ப் பார்த்த யாராவது இருந்தால் சொல்லுங்கள். கட்டணம் எவ்வளவு, தமிழில் கதைப்பார்களா, பால்குடிப் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா என்பதையும் எழுதினால் பெரிய உதவி.