வட தைவானில் ஊழியம் செய்த கனடா நாட்டுப் பாதிரியார் ஜார்ஜ் லெஸ்லி மக்கே ஐயர் வாழ்க்கையில் உங்களை விடாமல் துரத்தும் சந்திப்பு எது?

அலையாத்தி
எனக்கு அந்தச் சிப்பாய்தான். 1873, வட தைவான். தெக்சாம் ஊரிலிருந்து ஐயர் மாணவர்களோடு கிளம்புகிறார். வேவு பார்க்க அனுப்பப்பட்ட பத்துப் பன்னிரண்டு சிப்பாய்கள் பின்னாலேயே வருகிறார்கள். அதில் ஒருவனுக்குப் பல்வலியில் உயிர் போகிறது. "பல்லில் பூச்சி" என்கிறான், நம் பாட்டிமார் சொல்வது போலவே. ஐயரிடம் இடுக்கி கிடையாது. கெட்டியான மரத்துண்டு ஒன்றைத் தேவைக்கேற்பச் செதுக்கி, அதை வைத்தே பல்லை எடுத்துவிட்டார். அவன் சந்தோஷத்தில் அழுதான். பல வருஷம் கழித்து ஒரு சிப்பாய்க் கூட்டம் ஐயரை ஏசிக்கொண்டிருந்தபோது, நெட்டையான அதிகாரி ஒருவர் வந்து அவர்களை அதட்டி அடக்கினார். அன்று வேவு பார்க்க வந்து பல்லைப் பிடுங்கிக்கொண்ட அதே ஆள்!

மேய்ச்சல்நிலம்
பல்லையே பேசிக்கொண்டிருந்தால் அதற்கு முந்தைய வருஷம் காணாமல் போய்விடும். 1872 மார்ச் 9 அன்று தம்சுயி துறைமுகத்தில் இறங்கியவருக்கு மொழி அரைகுறை. குடியிருக்கக் கிடைத்தது, குதிரை லாயத்துக்கென்று கட்டிய அறை. வாடகை மாதம் 15 டாலர். மேட்டில் எருமை மேய்க்கும் பையன்களிடம் போனார். முதலில் அலறி ஓடினார்கள். மூன்றாவது நாள் கைக்கடிகாரம் அல்ல, பையிலிருந்த கடிகாரத்தை எடுத்துக் காட்டினார். சுற்றிக்கொண்டு அவர் கையை, விரலை, சட்டைப் பொத்தானைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அப்புறம் தினமும் நாலைந்து மணி நேரம் அவர்களோடுதான். கேட்ட சொல்லை எழுதி, உரக்கச் சொல்லிப் பார்த்துத் திருத்திக்கொள்வார். ஐந்து மாதத்துக்குள் முதல் பிரசங்கம். டொரோண்டோ, பிரின்ஸ்டன், எடின்பரோ என்று மூன்று இடத்தில் இறையியல் படித்தவர், கல்கத்தாவில் உழைத்த மிஷனரி அலெக்சாண்டர் டஃப்பிடமே பாடம் கேட்டவர். பேச்சுமொழிக்கு எருமைக்காரப் பையன்களே வாத்தியார்கள். அதுதான் எனக்குப் பெரிசு.

சந்தேகப்பிராணி
அலையாத்தி, கதை சரி. ஆனால் தன் கையால் 21,000 பல் எடுத்ததாக ஐயரே எழுதியிருக்கிறாரே, அதை எப்படி ஒரு மனிதன் பிடுங்க முடியும்? கனடாவில் நன்கொடை திரட்டக் கூட்டிச் சொன்ன கணக்காகத்தான் எனக்குப் படுகிறது.

கடைவாய்
சந்தேகப்பிராணி, கணக்குப் போட்டுப் பாருங்கள். 1873 முதல் 1893 வரை 20 வருஷம். வருஷத்துக்கு 1,050, நாளைக்கு மூன்று பல் கூட ஆகவில்லை. ஊர் ஊராகப் போனவர் அவர்; குழுவாக நின்று ஒரு மணி நேரத்துக்குள் 100 பல் எடுத்த நாளும் உண்டு. கோயில் படிக்கட்டில் நிற்பார்கள், ஒன்றிரண்டு பாட்டு, பிறகு பல், பிறகு பிரசங்கம். நோயாளியும் நின்றபடியே. மரத்துப்போக மருந்து கிடையாது. எடுத்த பல்லை அவரவர் கையிலேயே வைத்துவிடுவார், வைத்துக்கொண்டால் வீண் சந்தேகம் கிளம்பும். என்னை விடாத காட்சி அந்த உள்ளங்கைதான்.

ஆரம்பத்தில் உள்ளூர்க் கொல்லரிடம் சொல்லி அடித்த முரட்டுக் கருவி, பிற்பாடு நியூயார்க்கில் செய்த நல்ல இடுக்கிகள். அந்த மாற்றம் ஏன் முக்கியம் என்றால், பல்லை நேராக இழுக்கவே கூடாது. இடுக்கியின் அலகை ஈறுக்குள் வேர்ப்பக்கமாக அழுத்தி இறக்க வேண்டும். ஒற்றை வேர் உள்ள மேல் முன்பல்லை மெல்லத் திருகலாம். கீழ்க் கடைவாய்க்கு இரண்டு வேர், மேல் கடைவாய்க்கு மூன்று. அவற்றைத் திருகினால் வேர் முறிந்து உள்ளேயே தங்கி சீழ் கட்டும். கன்னப்பக்கமும் நாக்குப்பக்கமும் மாறி மாறி அசைத்து எலும்புக் குழியை அகலப்படுத்தினால் பல் தானாக வரும். மரத்துண்டு வேலை செய்ததும் இப்படித்தான், ஆப்பு மாதிரி நெம்பியிருக்கும். அங்கே அதுவரை கயிறு கட்டி இழுத்தார்கள், கத்தரி முனையால் குத்தி எடுத்தார்கள். தாடை உடைவதும், ரத்தம் நிற்காமல் மயங்குவதும், சாவதும்கூட நடந்ததென்று அவரே எழுதுகிறார்.

இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: பல் எடுத்தபின் பஞ்சை அரை மணி அழுத்திக் கடியுங்கள். அன்று முழுக்கக் கொப்பளிக்கவோ, காறித் துப்பவோ, உறிஞ்சிக் குடிக்கவோ வேண்டாம். குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்தால் மூன்றாம் நாள் வலி முதல் வலியைவிடக் கொடுமையாக இருக்கும். புகையிலை தொடவே கூடாது. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்.

தாழங்காடு
கடைவாய் ஐயா, உப்புத் தண்ணீர் யாரும் கேட்கவில்லை, ஆனாலும் நன்றி. வட தைவானின் பாங்கா நகரை எல்லோரும் தாண்டிப் போகிறீர்களே! 1877 டிசம்பரில் அங்கே வாடகைக்குப் பிடித்த வீட்டை ஜனக்கூட்டம் ஓடுவரை பிரித்துத் தூக்கிப் போனது. ஊரை விட்டுப் போய்விடும்படி அதிகாரியே மண்டியிட்டுக் கெஞ்சினார். ஐயர் காட்டியது இரண்டு பொருள்: இடுக்கி, வேதப்புத்தகம். பல் பிடுங்குவேன், பிரசங்கிப்பேன், போகமாட்டேன் என்றார். 1893ல் கனடா விடுமுறைக்குக் கிளம்பும்போது அதே ஊர் அவரைப் பல்லக்கில் ஏற்றி, மேளதாளத்தோடு தெருத் தெருவாகச் சுமந்தது. மறு வருஷம் கனடா பிரஸ்பிட்டேரியன் திருச்சபையின் பொதுச்சபை அவரைத் தலைவராக்கியது. எனக்குப் பல்லக்குதான் பெரிய பதவி.

மேய்ச்சல்நிலம்
இடையில் 1884ஐ விட்டுவிட்டீர்கள். பிரெஞ்சுக்காரர் தைவானைத் தாக்கியபோது ஆத்திரம் கொண்ட கூட்டம் ஆலயங்களை இடித்தது. நஷ்ட ஈடு 10,000 மெக்சிகோ டாலர். அதில் முன்பைவிடப் பெரிதாக, கோபுரம் வைத்துக் கட்டினார். முகப்பில், பைபிளில் மோசே கண்ட எரிந்தும் வெந்துபோகாத முட்செடி, சுதையில். இடித்தால் இன்னும் பெரிதாகக் கட்டுவார் என்று ஊரார் கைவிட்டார்கள்.

நெய்தற்கரை
ஐயரின் மனைவி சாங்-மியாவை ஒருவரும் சொல்லவில்லை. 1878ல் அந்த மண்ணின் பெண்ணைக் கட்டிக்கொண்டார். அந்நிய ஆண் நுழைய முடியாத வீட்டுக்குள் பெண்களிடம் போய் உட்கார்ந்தது சாங்-மியாதான். 1884ல் பெண்கள் பள்ளி திறந்ததை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

அலையாத்தி
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்போது மனதில் நிற்பது 1901. எருமைக்காரப் பையன்களிடம் பழகிய அந்தத் தொண்டையிலேயே புற்று. ஜூன் 2 அன்று தம்சுயியில் காலமானார். அங்கேயேதான் புதைத்திருக்கிறார்கள்.