மறு: விண்வெளிப் பதக்கங்களுக்குத் தமிழ்ப் பெயர்

வணக்கம் நண்பர்களே,

> காங்கிரசனல் ஸ்பேஸ் மெடல் ஆஃப் ஹானர் = காங்கிரஸ் விண்வெளி கௌரவப் பதக்கம்?

அமெரிக்கா விண்வெளி வீரர்களுக்குத் தரும் பதக்கத்துக்கு முன்மொழிந்திருக்கும் இந்தத் தமிழ்ப் பெயரில் இரண்டு சொற்கள் நெருடுகின்றன. ‘காங்கிரஸ்’ நம் காதில் ஒரு கட்சியின் பெயர். தலைப்பை மட்டும் பார்ப்பவர் கட்சி கொடுத்த பதக்கம் என்றே நினைப்பார். நாளிதழ்கள் ‘அமெரிக்க நாடாளுமன்றம்’ என்று எழுதிப் பழக்கிவிட்டன, அதுவே போதும்.

‘கௌரவ’தான் பெரிய சிக்கல். கௌரவ டாக்டர் பட்டம், கௌரவ விரிவுரையாளர் என்று புழங்கிப் புழங்கி, முறையான வழியில் வராதது என்ற சாயல் அதில் ஒட்டிக்கொண்டது. இந்தப் பதக்கம் அப்படிப்பட்டதா? 1969இல் சட்டம் இயற்றினார்கள். முதன்முதலாக வழங்கியதோ 1978இல். அன்று அறிவிக்கப்பட்ட 6 பேரில் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் உண்டு, 1967இல் அப்பல்லோ 1 தீ விபத்தில் இறந்த கஸ் கிரிசமும் உண்டு. 2023 வரை பெற்றவர்கள் 30 பேர். அவர்களில் 17 பேர் பணியிலேயே உயிர்விட்டவர்கள்: அப்பல்லோ 1இல் 3, சேலஞ்சர் விண்ணோடத்தில் 7, கொலம்பியா விண்ணோடத்தில் 7. அந்தக் கடைசி எழுவரில் நம் கல்பனா சாவ்லாவும் ஒருவர். அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘கௌரவப் பதக்கம்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

‘வீரப் பதக்கம்’ என்று ஒரு நண்பர் சொன்னார். போர்க்களத்து வீரத்துக்கு அமெரிக்காவில் வேறு பதக்கம் இருக்கிறது, இரண்டும் குழம்பும். அதோடு அமெரிக்க விண்வெளி வீராங்கனை ஷானன் லூசிட் இதை 1996இல் பெற்றது, ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்துக்குப் போய் 188 நாள் விண்வெளியில் இருந்துவிட்டுத் திரும்பியதற்காக. அதில் வீரத்தைவிடப் பொறுமைதான் கூடுதல்.

நான் முதலில் ‘மாராயம்’ என்ற சொல்லை நினைத்தேன். அரசன் வீரனுக்குச் செய்யும் சிறப்பு அது. தொல்காப்பியத்தில் ‘மாராயம் பெற்ற நெடுமொழி’ என்று, படையெடுப்பைப் பாடும் வஞ்சித் திணையில் ஒரு துறையே இருக்கிறது. ஆனால் மக்களாட்சி தரும் பதக்கத்துக்கு மன்னன் வாடை பொருந்தாது, பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியாது. மனமில்லாமல்தான் கைவிட்டேன்.

என் பரிந்துரை ‘மாண்பு’. அமெரிக்க நாடாளுமன்ற விண்வெளி மாண்புப் பதக்கம். நீளம்தான், பேச்சில் ‘விண்வெளி மாண்புப் பதக்கம்’ போதும்.

அப்புறம் நாசாவே தரும் பதக்கங்கள். ‘எக்செப்ஷனல் சர்வீஸ் மெடல்’ என்பதை ‘விதிவிலக்கான சேவைப் பதக்கம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து வருந்தினேன். ஏதோ விதியிலிருந்து விலக்கு கொடுத்த மாதிரி இருக்கிறது. தமிழில் ‘அரும்பணி’ என்ற அழகான சொல் இருக்கும்போது இது எதற்கு? அதற்கும் மேலே, நாசாவின் மிக உயர்ந்த பதக்கமான ‘டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ்’ என்பதை ‘அரும்பெரும்பணி’ என்று வைத்தால் எது உயர்ந்தது என்று பெயரிலேயே தெரியும். நம் ராணுவத்தில் விசிஷ்ட சேவா, அதி விசிஷ்ட சேவா, பரம் விசிஷ்ட சேவா என்று படி ஏறுவது போலத்தான்.

‘விருது’, ‘பதக்கம்’ இரண்டையும் கலக்க வேண்டாம். தமிழக அரசு துணிவுக்காகத் தருவது கல்பனா சாவ்லா விருது. அதில் பதக்கமும் சேர்ந்து வரலாம், ஆனாலும் பெயர் விருதுதான். நாசா தருபவற்றில் நாம் இங்கே பேசுபவை பெயரிலேயே பதக்கங்கள்.

‘ஸ்பேஸ் ஃப்ளைட் மெடல்’ மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ‘விண்பறப்பு’ சரியா, ‘விண்பயணம்’ சரியா? விண்கலம் சுற்றுப்பாதையில் பறக்கிறது என்று சொல்லலாமா என்பதே என் தயக்கம். இயற்பியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.