கிராஃப் 2 இடத்தில்தான் வெட்டுகிறது, மீதி 2 மூலம் எங்கே?

செம்பூர் அடுக்களை:
எல்லாருக்கும் வணக்கம். நான் அம்பாசமுத்திரத்தில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்தவள். கல்யாணமாகி செம்பூர் வந்து 22 வருஷம். பையன் இங்கே ஜூனியர் காலேஜில் 11-ஆம் வகுப்பு. யூனிட் டெஸ்டில் ஒரு கணக்குக்கு 4-க்கு 2 மார்க்தான் என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். நான்காம் படிச் சமன்பாடு. போனில் அடுக்குக்குறி போடத் தெரியவில்லை, கெழுக்களை (எக்ஸ் அடுக்குகளுக்கு முன்னால் வரும் எண்கள், கடைசியில் தனி எண்) மட்டும் வரிசையாக எழுதுகிறேன்: 1, −1, 2, −4, −8. எல்லா மூலங்களையும், அதாவது சமன்பாட்டை 0 ஆக்கும் எக்ஸ் மதிப்புகளை, காண வேண்டும்.

இவன் 2, −1 என்று எழுதி முடித்துவிட்டான். கேட்டால் கிராஃப் போட்டுக் காட்டுகிறான். கோடு நிஜமாகவே இரண்டு இடத்தில்தான் எக்ஸ் அச்சை வெட்டுகிறது. "வேற எங்கம்மா இருக்கு, நீயே காட்டு" என்கிறான். டியூஷன் மாஸ்டரோ "படி 4 என்றால் மூலம் 4, மனப்பாடம் பண்ணிக்கோ" என்று அனுப்பிவிட்டார். கலப்பெண் என்று ஏதோ படித்த ஞாபகம் இருக்கிறது. கிரைண்டர் சத்தத்தில் அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

டோம்பிவிலி ஃபாஸ்ட்:
அக்கா, ஆப்பில் கெழுக்களைக் கொடுத்தால் நாலும் வந்து விழும். 2, −1, அப்புறம் 2√−1, −2√−1. அவ்வளவுதான்.

மாட்டுங்கா ரிட்டயர்ட்:
தம்பி விடையைச் சொல்லிவிட்டார். பையன் கேட்டது அதை இல்லையே.

அம்மா, கண்டுபிடித்த இரண்டும் சரி என்று முதலில் அவனிடம் சொல்லுங்கள். அவற்றை வைத்தே தொகுமுறை வகுத்தல் (கெழுக்களை மட்டும் வைத்து வகுக்கும் சுருக்கு வழி) செய்யட்டும். 2-ஐ வெளியே போட்டு வகுத்தால் கீழ்வரிசை 1, 1, 4, 4, மீதி 0. எல்லாம் பிளஸ், கவனித்தீர்களா? இனி எந்தப் பிளஸ் எண்ணைப் போட்டாலும் 0 வராது, 4-ஐயும் 8-ஐயும் சோதித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த வரிசையை −1 போட்டு வகுத்தால் 1, 0, 4, மீதி 0. நடுவிலுள்ள பூஜ்யம் முக்கியம். அதை விழுங்கிவிட்டு, எக்ஸ் பிளஸ் 4, மூலம் −4 என்று எழுதிய பிள்ளைகளை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன்.

மிஞ்சியது எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 4. இதைத் தனியாகக் கிராஃப் போடச் சொல்லுங்கள். கிண்ணம் மாதிரி வரும், அடிப்பாகம் அச்சுக்கு மேலே 4-இல் நிற்கும். மீதி இரண்டு மூலமும் அந்த இடைவெளியில் ஒளிந்திருக்கின்றன: உயரம் 4, அதன் வர்க்கமூலம் 2, ஆகவே ±2√−1. கிண்ணத்தை நகர்த்தினாலும் இதே கதைதான். 1, −2, 5 என்று கெழு கொடுத்தால் அடி (1, 4)-இல் வரும், மூலங்கள் 1 ± 2√−1. (முதல் கெழு 1 ஆக இருந்தால்தான் உயரத்தை இப்படி நேராக எடுக்கலாம்.)

எக்ஸ் அச்சில் நிற்பவை மெய்யெண்கள் மட்டுமே. √−1 கலந்த எண்ணுக்கு (நீங்கள் சொன்ன கலப்பெண் இதுதான்) அங்கே இடமே கிடையாது, பிறகு கோடு எப்படி அதை வெட்டும்?

காணாத எண் எதற்கு என்று அவன் கேட்டால் 1, 0, −15, −4 என்ற கெழுக்களைக் கொடுங்கள். 4 ஒரு மூலம் என்று போட்டுப் பார்த்தாலே தெரியும். ஆனால் இத்தாலியக் கணித அறிஞர் கார்டானோ 1545-இல் வெளியிட்ட மூன்றாம் படிச் சமன்பாட்டுச் சூத்திரத்தில் போட்டால் √−121 வந்து வழிமறிக்கும். இன்னொரு இத்தாலியர் பொம்பெல்லி 1572-இல் அதற்கும் அசராமல் மேலே போய், 2 + √−1, 2 − √−1 என்ற இரண்டையும் கூட்டி 4-ஐ எடுத்துக் காட்டினார். சூத்திரத்தில் போனால் மெய்யான விடைக்கே அந்த வழியாகத்தான் போக வேண்டியிருந்தது.

செம்பூர் அடுக்களை:
சார், கிண்ணத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். அஞ்சு நிமிஷம்தான். இப்போது, "அது ஏன் ஜோடியாவே வருது, ஒண்ணு மட்டும் வரக்கூடாதா" என்கிறான்.

மாட்டுங்கா ரிட்டயர்ட்:
நல்ல கேள்வி. கெழுக்கள் எல்லாம் மெய்யெண்ணாக இருக்கும்வரை சமன்பாட்டுக்குள் √−1 எங்குமே இல்லை. பிளஸ் √−1 எது, மைனஸ் √−1 எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஒன்று பொருந்தினால் இன்னொன்றும் பொருந்தியே தீரும். அதனால்தான் படி 3, 5 என்று ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு மெய் மூலமாவது கட்டாயம் உண்டு. கெழுவிலேயே √−1 வந்துவிட்டால் ஜோடி உடைந்துபோகும். எக்ஸ் மைனஸ் √−1 = 0 என்பதற்கு மூலம் ஒன்றே ஒன்றுதான்.

டோம்பிவிலி ஃபாஸ்ட்:
சார், இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிறேன், இதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. ஆப்பைப் பற்றி எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

செம்பூர் அடுக்களை:
ரொம்ப நன்றி சார். 1, 0, 4-இல் அந்த பூஜ்யத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறான். நான்தான் கிரைண்டரை நிறுத்த மறந்துவிட்டேன், மாவு சூடாகிவிட்டது.