வெளிவட்டச் சாலை நெரிசலில் கார்களுக்கு நடுவே பைக்கில் புகுந்து செல்வது எந்த அளவுக்குச் சரி?

கேட்டவர்: தருமபுரி வாசகன்

அனைவருக்கும் வணக்கம். வேலை மாற்றத்தால் தருமபுரியிலிருந்து பெங்களூருக்கு வந்து, கே.ஆர்.புரத்தில் குடியேறியிருக்கிறேன். அலுவலகம் பெல்லந்தூரில் உள்ளது. சேலம் நெடுஞ்சாலையிலும் ஊர்ப்புறச் சாலைகளிலும் பல ஆண்டுகளாக பைக் ஓட்டியவன்தான் என்றாலும், இங்குள்ள வெளிவட்டச் சாலையில் அந்தப் பழக்கம் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. டின் ஃபேக்டரியைத் தாண்டியதும் கார்கள் அசையாமல் நிற்கின்றன. இரு சக்கர வண்டிகளோ கார் வரிசைகளுக்கு நடுவே உள்ள சந்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கின்றன. நான் காருக்குப் பின்னால் நின்றால், எனக்குப் பின்னால் இருப்பவர்கள் ஹாரனை விடாமல் அடிக்கிறார்கள். சந்துக்குள் நுழைந்தாலோ, எந்தக் கார் எந்த நொடியில் வரிசை மாறும் என்று தெரியாமல் கைகள் இறுகிப்போகின்றன.

இப்படிப் புகுந்து செல்வதைச் சட்டம் அனுமதிக்கிறதா? எல்லோரும் செய்கிற இதை, அடுத்தவருக்கு இடைஞ்சலும் உயிருக்கு ஆபத்தும் இல்லாமல் செய்ய முறை ஏதேனும் உண்டா? என்னுடையது 150 சிசி வண்டி. முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) இருக்கிறது. வாரத்தில் சில நாட்கள் மனைவியும் மாரத்தஹள்ளி வரை பின்னால் அமர்ந்து வருவார். இந்தச் சாலையில் நீண்ட காலமாக ஓட்டுபவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: அல்சூர் வாசி

வணக்கம் தம்பி. முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2017-ஆம் ஆண்டு வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி, கோடிட்டுத் தடம் பிரிக்கப்பட்ட சாலையில் வாகனம் தன் தடத்துக்குள்ளேயே செல்ல வேண்டும். தடம் மாறுவதற்கு முன் சைகை காட்ட வேண்டும். முந்துவது பொதுவாக வலப்பக்கமாகவே இருக்க வேண்டும். இரண்டு கார்களுக்கு நடுவே பைக் போகலாம் என்று தனி உரிமை எதுவும் நமக்குத் தரப்படவில்லை. ஆகவே ஏதாவது உரசல் நேர்ந்தால், எல்லோரும் போகிறார்கள் என்ற வாதம் உங்களுக்குத் துணை நிற்காது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2014 ஜூலை முதல் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. நின்றிருக்கும் அல்லது ஊர்ந்து செல்லும் வாகனங்களுக்கு நடுவே, மணிக்கு 30 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகத்தில் மட்டும் போகலாம். சாலையின் ஓரக்கல்லை ஒட்டியும் பள்ளிப் பகுதிகளிலும் போகக் கூடாது. அந்த விதி இங்கே செல்லாதுதான். ஆனாலும் நிற்கும் நெரிசலையும் ஓடும் நெரிசலையும் அது பிரித்துப் பார்க்கிறது பாருங்கள், அந்தப் பிரிவுதான் நமக்கும் முக்கியம்.

கார்கள் முழுவதுமாக நின்றிருக்கும்போது சந்தில் மெதுவாகப் போவதில் உள்ள ஆபத்து சிறியது. கார்கள் ஓடத் தொடங்கிய பிறகும் அதே சந்தில் தொடர்வதே பெரிய ஆபத்து. எல்லாவற்றிலும் மோசமானது, ஒரு வரிசை நின்றிருக்க அடுத்த வரிசை மட்டும் நகரும் நேரம். நிற்கும் வரிசையில் பொறுமையிழந்த கார்க்காரர் நகரும் வரிசைக்குள் நுழையத்தான் பார்ப்பார். அப்போது அவர் பார்வை, தனக்கு வழிவிடப்போகும் காரைத் தேடுமே தவிர நடுவில் வரும் பைக்கைத் தேடாது. அந்த நேரத்தில் சந்தை விட்டு விலகி, ஏதாவது ஒரு காருக்குப் பின்னால் முழுத் தடத்தையும் எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

வேகத்தைப் பொறுத்தவரை, உங்கள் வேகத்தைவிட உங்களுக்கும் பக்கத்துக் காருக்கும் உள்ள வேக வேறுபாட்டைத்தான் கவனிக்க வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறோம். ஒரு கார் திரும்புவதைக் கண்டு, கை பிரேக்கைப் பிடிப்பதற்கே ஏறத்தாழ ஒரு நொடி ஆகிவிடும். அதற்குள் இரண்டரைக் கார் நீளம் போயிருப்போம், பிரேக் வேலை செய்யத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். 15 கிலோமீட்டர் வேகத்தில் அதே ஒரு நொடியில் நான்கு மீட்டர்தான் போவோம். நிற்கும் கார்களுக்கு நடுவே 15-ஐத் தாண்டாதீர்கள் என்பது என் கருத்து. அதற்கு மேல் போய் மிச்சமாகும் நேரத்தை அடுத்த சிக்னலே தின்றுவிடும்.

கைகள் இறுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் பார்வைதான். பக்கத்துக் காரின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு போனால் வண்டியும் அந்தப் பக்கமே இழுக்கும். நான்கைந்து கார்களுக்கு அப்பால் பார்வையை வையுங்கள். முதல் கியரில் கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, ஆக்சிலரேட்டரைச் சீராக வைத்தால், நடக்கும் வேகத்திலும் வண்டி ஆடாமல் நிற்கும். அந்த வேகத்தில் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். ஹேண்டில் சற்றே திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி சாய்ந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி மைதானத்தில் இதைப் பழகிக்கொள்வது நல்லது.

கார் திரும்பப்போகிறது என்பதற்கு இண்டிகேட்டரை நம்பிக் காத்திருக்க வேண்டாம். முன் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, காருக்கு முன்னால் திடீரென்று இடம் விழுந்திருக்கிறதா, ஓட்டுபவரின் தலை மிரர் பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள். மஞ்சள் பலகை டாக்சி என்றால், உள்ளே இருப்பவர் நடுச்சாலையிலேயே இறங்க நினைத்து இடப்பக்கக் கதவைத் திறக்கக்கூடும். மாரத்தஹள்ளிப் பாலத்துக்கு அருகில் இது சாதாரணமாக நடக்கிறது. சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கும் திறப்புகளுக்குச் சற்று முன்னால் சந்தில் போகவே கூடாது. வலது ஓரத்தில் வந்த கார்கள் கடைசி நேரத்தில் குறுக்கே வெட்டி இடப்பக்கம் பாயும் இடங்கள் அவை.

பேருந்து விஷயம் தனி. பிஎம்டிசி பேருந்தின் மிரரில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை என்று பொருள். இரண்டு பேருந்துகளுக்கு நடுவிலோ, பேருந்துக்கும் மெட்ரோ பணித் தடுப்புக்கும் நடுவிலோ எவ்வளவு இடம் இருந்தாலும் நுழையாதீர்கள்.

மறுமொழி: ஹொரமாவு மெக்கானிக்

அல்சூர் ஐயா சொன்னதில் எனக்கு முரண்பாடு இல்லை. மழையைப் பற்றியும் பிரேக்கைப் பற்றியும் மட்டும் சேர்க்கிறேன், ஏனெனில் மே மாதத்திலும் செப்டம்பர், அக்டோபரிலும் மாலை மழை சரியாக அலுவலகம் விடும் நேரத்தில்தான் பிடித்துக்கொள்கிறது.

உங்கள் வண்டியில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் என்றீர்கள். முன் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது காக்கும். பின் சக்கரத்தை அழுத்தி மிதித்தால் அது பூட்டிக்கொண்டு வழுக்கத்தான் செய்யும். கடுமையாக நிறுத்தும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை முன் பிரேக்கே செய்கிறது. முன் பிரேக்கைக் கண்டு பயந்து காலை மட்டும் நம்பி ஓட்டுகிறவர்கள் நிறைய. அவர்கள் நெருக்கடியில் பின் சக்கரம் வழுக்கி விழுகிறார்கள். முன் பிரேக்கைச் சட்டென்று இழுக்காமல், முதலில் லேசாகப் பிடித்து, எடை முன்னால் வந்த பிறகு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். ஏபிஎஸ் சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளுமே தவிர, சாலையில் இல்லாத பிடிமானத்தைக் கொண்டுவந்து கொடுக்காது.

மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கும். அப்போது கோடுகளின் பெயின்ட், பாதாளச் சாக்கடை மூடி, மெட்ரோ பணிக்காகப் பரப்பிய இரும்புத் தகடு ஆகிய மூன்றின் மீதும் வண்டியைச் சாய்க்கவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. நேராக, ஒரே சீரான வேகத்தில் கடந்துவிட வேண்டும். கார்களுக்கு நடுவே உள்ள சந்து பெரும்பாலும் தடக் கோட்டின் மேலேயே அமைவதால், மழையில் அந்தச் சந்தில் போகிறவர் வழுக்கும் பரப்பிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறார். மழை பெய்தால் காருக்குப் பின்னால் நின்றுவிடுங்கள் என்று என் கடைக்கு வருகிறவர்களிடம் எப்போதும் சொல்கிறேன். சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கியிருந்தால், முன்னால் போன வண்டியைப் பார்த்து ஆழத்தை முடிவு செய்யாமல் சுற்றிப் போங்கள். தண்ணீருக்கு அடியில் குழி இருப்பது முன்னால் போனவருக்கும் தெரியாது.

மறுமொழி: மகாதேவபுரா பாதசாரி

பைக் ஓட்டுபவர்களின் பாதுகாப்பைப் பற்றியே பேசுகிறோம். நான் இதே சாலையில் தினமும் பேருந்தில் வந்து இறங்கி, குறுக்கே நடந்து போகிறவள். வார இறுதியில் கார் ஓட்டுகிறவள். இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்கிறேன்.

கார்கள் நின்றுவிட்டன என்றால், நடப்பவர்கள் அதை நம்பி அவற்றுக்கு இடையே கடக்கிறார்கள். ஒரு வேனின் முன்பக்கத்தைச் சுற்றி அடி எடுத்து வைக்கும்போது, சந்தில் வரும் பைக் எங்களுக்குத் தெரிவதில்லை. எங்களையும் அவருக்குத் தெரிவதில்லை. வயதானவர்களும் கைக்குழந்தையோடு வருகிறவர்களும் இப்படித்தான் அடிபடுகிறார்கள். ஆகவே உயரமான வேன், லாரி, பேருந்து ஆகியவற்றின் முன்பக்கம் முடியும் இடத்தில் வேகத்தை இன்னும் குறைத்து, நின்றுவிடத் தயாராக இருங்கள். நிறுத்தத்தில் நிற்கும் பேருந்துக்கு இடப்பக்கமாக ஒருபோதும் வராதீர்கள். அந்தப் பக்கம்தான் நாங்கள் இறங்குகிறோம்.

நெரிசல் என்றால் நடைபாதை மேல் ஏறி வருவதை இந்த நகரத்தில் பலர் உரிமையாகவே கருதுகிறார்கள். நடைபாதையில் நடந்து போகிறவரைப் பின்னால் இருந்து ஹாரன் அடித்து விலகச் சொல்வதை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது. சிக்னலில் வரிக்குதிரைக் கோட்டின் மேல் வந்து நிற்பதும் அப்படித்தான்: நாங்கள் கோட்டை விட்டு, ஓடும் வண்டிகளின் பக்கம் இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது.

கார் ஓட்டுகிறவளாக ஒரு வேண்டுகோள். உங்கள் மிரர்களை மடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் தானாகவே எரிவதால் பகலிலும் பைக்கை என் மிரரில் பார்க்க முடிகிறது. ஆனால் இரவில் ஹைபீமில் வந்தால் வெளிச்சம் மட்டுமே தெரியும், தூரம் தெரியாது. டிம் செய்துவிட்டு வாருங்கள். கார்க்காரர் சற்று ஒதுங்கி வழிவிட்டால் கையைத் தூக்கி ஒரு நன்றி சொல்லுங்கள். அடுத்த பைக்குக்கும் அவர் ஒதுங்குவார்.

கேட்டவர்: தருமபுரி வாசகன்

மூவருக்கும் நன்றி. நடந்து செல்பவர்களைப் பற்றி அக்கா எழுதியதை நான் இதுவரை எண்ணிப் பார்த்திருக்கவில்லை. இன்னும் இரண்டு சந்தேகங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவரை என்ன செய்வது? மனைவியோடு வரும் நாட்களில் சர்வீஸ் ரோட்டில் போவது நல்லதா?

மறுமொழி: அல்சூர் வாசி

ஹாரன் அடிப்பவர் உங்களைவிட வேகமாகப் போக விரும்புகிறார், அவ்வளவுதான். அவரைத் தடுக்கவும் வேண்டாம், அவருக்காக வேகம் கூட்டவும் வேண்டாம். அடுத்த இரண்டு கார்களுக்கு இடையே முன்பின் இடைவெளி வரும்போது இண்டிகேட்டர் போட்டு அதற்குள் ஒதுங்கி, அவரைக் கையசைத்துப் போகவிட்டு, மிரரைப் பார்த்துத் தோளுக்கு மேலாகவும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மீண்டும் வெளியே வாருங்கள். காருக்குப் பின்னால் நிற்க முடிவு செய்துவிட்டால், தடத்தின் ஓரத்தில் நிற்காமல் நடுவில் நில்லுங்கள். ஓரத்தில் நின்றால் சந்தில் போகிறவர்களுக்கு வழி அடைபடும், அதனால்தான் ஹாரன் அடிக்கிறார்கள்.

சர்வீஸ் ரோட்டைப் பலர் பரிந்துரைப்பார்கள், நான் தயங்குவேன். அங்கே எதிர்த்திசையில் வருகிற வண்டிகள் அதிகம். எதிர்த்திசையில் ஓட்டுவது 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகவே சேர்க்கப்பட்டிருந்தும் அது நின்றபாடில்லை. அலுவலக வாயில்களிலிருந்து கார்கள் மூக்கை நீட்டும்; வெள்ளைக் கோடு போடாத வேகத்தடைகளும் உண்டு. மனைவியோடு வரும்போது பிரதானச் சாலையிலேயே, சந்துக்குள் போகாமல், கார்களோடு கார்களாக வாருங்கள். இருவர் எடையோடு நடக்கும் வேகத்தில் சமநிலை காப்பது கடினம். பின்னால் இருப்பவரின் முழங்கால்தான் கார் மிரரில் முதலில் இடிக்கும்.

சேலையிலோ சுடிதாரிலோ வந்தால் முந்தானையும் துப்பட்டாவும் பின் சக்கரத்தின் பக்கம் தொங்காமல் முடிந்துகொள்ளச் சொல்லுங்கள். வண்டியின் இருபுறமும் கால் போட்டு அமர்வதே பாதுகாப்பு. அவருக்கும் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, தலைக்குச் சரியாகப் பொருந்துகிற ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள். பட்டையை மாட்டாத ஹெல்மெட் விழும்போது தலையை விட்டுக் கழன்று போய்விடும். இருவர் போகும்போது பின் டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதை வண்டியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ தனியாகக் குறித்திருப்பார்கள். பெட்ரோல் பங்கில் அந்த அளவைச் சொல்லியே பிடியுங்கள், டயர் சூடாவதற்கு முன் காலையில் பிடிப்பதே சரியான அளவு காட்டும்.