கட்டிங் மாஸ்டரும் கார்னர் கோச்சும்

குழு: வாய்க்கால்மேட்டு வீடு
ஞாயிறு, காலை

அத்தை: நேற்று ராத்திரி மாமா ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கம் வராமல் நானும் உட்கார்ந்திருந்தேன். சிவப்புச் சட்டை டீமுக்குக் கார்னர் கிடைக்கும்போதெல்லாம் ஒரு ஆள் எழுந்து வந்து கையைக் காட்டுகிறார், முடிந்ததும் போய் உட்கார்ந்துகொள்கிறார். கோச் பக்கத்திலேயே நிற்கிறாரே, அப்புறம் இவர் எதற்கு? பிரபு, உனக்குத் தெரியுமா?

பிரபு: அவர் நிக்கோலாஸ் ஜோவர், அத்தை. எங்கள் ஆர்சனலின் செட் பீஸ் கோச். கார்னர், ஃப்ரீ கிக், நீளமான த்ரோ, இவ்வளவுதான் அவர் வேலை.

அத்தை: கார்னர் போட ஒரு ஆளுக்குத் தனியாகச் சம்பளமா!

பிரபு: 2023-24 சீசனில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் கார்னரிலிருந்து மட்டும் 16 கோல் அடித்தோம். ஸ்டேடியம் பக்கத்துச் சுவரில் அவர் படத்தையே வரைந்து வைத்திருக்கிறார்கள்.

அருண்: அண்ணா, அவர் எங்கள் ஆள். 2021-இல் மான்செஸ்டர் சிட்டியிலிருந்து நீங்கள் தூக்கிக்கொண்டு போனது.

பிரபு: நீங்கள் 2019-இல் பிரென்ட்ஃபோர்டிலிருந்து தூக்கினீர்களே, அது?

அருண்: பிரென்ட்ஃபோர்டு அப்போது இரண்டாம் டிவிஷன். அதெல்லாம் கணக்கில் வராது.

சித்தப்பா: ஆளைத் தூக்கும் பேச்சு வந்ததால் சொல்கிறேன். நம்ம கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் வெள்ளிக்கிழமை கணக்கை முடிக்கச் சொல்லிவிட்டார். அவிநாசி ரோட்டில் ஒரு கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். கூடவே நாலு ஓவர்லாக் டெய்லர்களும் போகிறார்கள். மாசக் கடைசியில் ஷிப்மெண்ட் வேறு.

அம்மா: அடப்பாவமே. நம் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வந்து ஓடியாடி வேலை செய்தாரே தம்பி.

சித்தப்பா: அவரேதான் அண்ணி. வாங்கிய அட்வான்ஸில் பாதி இன்னும் நிற்கிறது.

நந்தினி: சித்தப்பா, உங்கள் இடத்தில் இருந்தது பிரைட்டன். அந்த அவிநாசி ரோட்டுக் கம்பெனி எங்கள் செல்சி. 2022 செப்டம்பரில் தலைமைக் கோச் கிரஹாம் பாட்டரை பிரைட்டனிலிருந்து கூட்டி வந்தோம். அவர் தனியாக வரவில்லை. உதவிப் பயிற்சியாளர்கள் பில்லி ரீட், பியோர்ன் ஹாம்பெர்க், புரூனோ, கோல்கீப்பர் கோச் பென் ராபர்ட்ஸ், ஆள் தேடிக் கொடுக்கும் கைல் மெக்காலே என்று அஞ்சு பேர் கூடவே வந்தார்கள். அப்போது பிரைட்டன் லீக்கில் நாலாவது இடத்தில் இருந்தது. சீசன் தொடங்கிச் சில வாரம்தான் ஆகியிருந்தது.

சித்தப்பா: ஒரே நாளில் ஆறு பேரா! மிச்சம் இருந்தவர்கள் மேட்ச் ஆடினார்களா, இல்லை கேட்டைப் பூட்டிவிட்டார்களா?

நந்தினி: சும்மா விடவில்லை சித்தப்பா. அங்கே ஒப்பந்தம் உண்டு. ஒப்பந்தத்தில் இருக்கும் ஆளை எடுக்க வேண்டுமென்றால் முதலில் அவருடைய கிளப்பைக் கேட்க வேண்டும், இழப்பீடு கொடுக்க வேண்டும். அந்த ஆறு பேருக்குமாகச் சேர்த்து 2 கோடி பவுண்டுக்கு மேல் போனது என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. நம் காசில் அப்போது 180 கோடிக்கு மேல்.

சித்தப்பா: எனக்கு அட்வான்ஸ் பாக்கியே வரவில்லை.

மாமா: 🙏 காலை வணக்கம். நேற்று பார்த்ததில் இரண்டாவது கோல் ஆஃப்சைடு, தடுப்பு வீரர்களைத் தாண்டி முன்னாலேயே போய் நின்றுகொண்டு போட்டது. யாரும் பேசவில்லையே.

அத்தை: அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மேலே படித்துப் பாருங்கள்.

பிரபு: நந்து, முழுக்கதையையும் சொல். அக்டோபரில் என்ன நடந்தது?

நந்தினி: சொல்லாமல் விட மாட்டாய், தெரியும். அக்டோபர் 29, பாட்டர் செல்சியோடு பிரைட்டன் மைதானத்துக்குப் போனார். 4-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தோம். அதில் இரண்டு, எங்கள் ஆட்களே எங்கள் வலையில் போட்டுக்கொண்டது. பிரைட்டனுக்குப் புதிதாக வந்த ராபர்டோ டி செர்பிக்கு அங்கே அதுதான் முதல் வெற்றி.

அருண்: 😂😂😂

நந்தினி: அடுத்த ஏப்ரல் 2-ஆம் தேதி பாட்டரை அனுப்பிவிட்டார்கள். ஏழு மாதம்கூட ஆகவில்லை. சீசன் முடிவில் பிரைட்டன் ஆறாவது, முதல் தடவையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி. நாங்கள் 12.

அம்மா: அந்த அஞ்சு பேர் கதி?

நந்தினி: அதை யாரும் கேட்பதில்லை அம்மா. பெரிய கோச்சைத் துரத்தினால் பேப்பரில் வரும். கூட வந்தவர்கள் குழந்தைகளை இரண்டாவது தடவை பள்ளிக்கூடம் மாற்றிக்கொண்டிருப்பார்கள், அது வராது.

சித்தப்பா: இருக்கட்டும். போன இடத்தில் அவர்களுக்கு விளங்கவில்லை என்பது எனக்கு ஆறுதல்தான், ஆனால் என் மேஜை காலியாக இருக்கிறதே. பிரைட்டன்காரன் எப்படிச் சமாளித்தான், அதைச் சொல்.

பிரபு: நான் சொல்கிறேன். பிரைட்டன், பிரென்ட்ஃபோர்டு இரண்டும் ஆள் போவார் என்று தெரிந்தே நடத்தும் கிளப்புகள். எந்த மாதிரி ஆட்டம், எந்த மாதிரி வீரர், எந்த மாதிரி கோச் என்பதைக் கிளப் முடிவு செய்து வைத்திருக்கும். கோச் ஒருவர் போனால் அந்தக் கணக்குக்குப் பொருந்துகிற அடுத்தவரைத் தேடுவார்கள். பிரென்ட்ஃபோர்டில் செட் பீஸ் கோச் வரிசையை மட்டும் பாருங்கள். ஜோவர் சிட்டிக்குப் போனார். அடுத்து வந்த ஆந்த்ரியாஸ் ஜார்ஜ்சன் 2020-இல் எங்களிடம் வந்தார். அதற்கு அடுத்தவர் பெர்னார்டோ குவேவா, 2024-இல் செல்சிக்கு.

நந்தினி: இதிலும் நாங்களா. சரி.

பிரபு: அப்புறம் கீத் ஆண்ட்ரூஸ் வந்தார். 2025-இல் தலைமைக் கோச் தாமஸ் ஃபிராங்கையே டோட்டன்ஹாம் கொண்டுபோய்விட்டது. உடனே ஆண்ட்ரூஸைத் தலைமைக் கோச் ஆக்கிவிட்டார்கள். அதற்கு முன்னால் ஆண்ட்ரூஸ் எந்த கிளப்புக்கும் தலைமைக் கோச்சாக இருந்ததில்லை. ஃபிராங்கும் அப்படி வந்தவர்தான். 2018-இல் டீன் ஸ்மித் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனபோது உதவியாளராக இருந்தவரை மேலே ஏற்றினார்கள்.

அருண்: அண்ணா, அர்த்தராத்திரிக் கதையை மட்டும் லாவகமாகத் தாண்டிப் போகிறீர்களே.

அத்தை: அது என்ன கதை? சொல் அருண்.

அருண்: அத்தை, மிக்கேல் அர்டேட்டா இப்போது ஆர்சனல் கோச். அதற்கு முன் 2016-லிருந்து எங்கள் சிட்டியில் தலைமைக் கோச்சாக இருந்த பெப் குவார்டியோலாவுக்கு உதவியாளர். 2019 டிசம்பர் 15, ஆர்சனலை அவர்கள் மைதானத்திலேயே 3-0 என்று அடித்தோம். எதிர் பெஞ்சில் அர்டேட்டா உட்கார்ந்திருந்தார். அன்று நள்ளிரவு தாண்டி ஆர்சனல் பெரிய அதிகாரிகள் மான்செஸ்டரில் அவர் வீட்டிலிருந்து வெளியே வருவதை ஒரு போட்டோகிராபர் படம் எடுத்துவிட்டார். அதில் ஒருவர் வினாய் வெங்கடேஷம்.

அத்தை: நம்ம ஊர்ப் பேர் மாதிரி இருக்கிறதே!

அருண்: பேர் எந்த ஊரோ, போனது அர்த்தராத்திரி அத்தை. எங்களிடம் முறையாகப் பேசாமல் வீட்டு வாசலுக்கே போய்விட்டார்கள் என்று சிட்டியில் எல்லோருக்கும் கோபம். அஞ்சே நாளில், 20-ஆம் தேதி, அர்டேட்டா ஆர்சனல் கோச்.

பிரபு: அவர் எங்கள் பழைய கேப்டன். வீட்டுக்குத் திரும்பி வந்தார். அடுத்த ஜூலையில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் உங்களை 2-0 என்று அனுப்பிவிட்டுக் கோப்பையையும் எடுத்தோம்.

நந்தினி: இறுதிப் போட்டியில் எங்களை அடித்து. தெரியும், தெரியும். அந்த வெங்கடேஷம்தான் இப்போது டோட்டன்ஹாம் சி.இ.ஓ. அவர் போய்ச் சேர்ந்த 2025 கோடையில்தான் தாமஸ் ஃபிராங்கையும் எடுத்தார்கள், பிரபு சொன்ன ஜார்ஜ்சனை மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்தும் எடுத்தார்கள்.

சித்தப்பா: எல்லோரும் ஒரே பத்து தெருவுக்குள்தான் சுற்றுகிறார்கள் போலிருக்கிறது. திருப்பூர் மாதிரியே.

மாமா: நீங்கள் எல்லாம் நேற்றைய பிள்ளைகள். நான் ஒன்று சொல்கிறேன். பிரையன் கிட் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அருண்: எங்களிடம் இருந்தாரே மாமா. 2009-லிருந்து.

மாமா: அது வயதான பிறகு. அதற்கு முன் மான்செஸ்டர் யுனைடெட்டில் அலெக்ஸ் ஃபெர்குசனுக்கு வலது கை. ஆட்டக்காரராக 1968 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் தன் 19-ஆவது பிறந்தநாளில் கோல் போட்டவர். பயிற்சி நடத்துவது எல்லாம் கிட்தான். ஃபெர்குசன் முகம் சிவந்து திட்டினால் பையன்கள் தோளைத் தட்டிக் கொடுக்க இவரிடம்தான் போவார்கள்.

மாமா: 1998 டிசம்பரில் பிளாக்பர்ன் ரோவர்ஸ் அவரை மேனேஜராகக் கூப்பிட்டது. மூன்று வருஷம் முன்னால் லீக் ஜெயித்த டீம் அது, அப்போது கீழே கிடந்தது. பெரிய பணத்தைக் கொடுத்து வீரர்களை எல்லாம் வாங்கிக் கொடுத்தார்கள். 1999 மே 12, எதிரே வந்தது யார்? யுனைடெட்டே. 0-0. அந்த டிராவில் பிளாக்பர்ன் கீழ் டிவிஷனுக்குப் போய்விட்டது.

அம்மா: பழைய முதலாளி வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாரா? ஐயோ.

மாமா: இன்னும் கேள். கிட் போனதும் ஃபெர்குசன் என்ன செய்தார்? டெர்பி கவுண்டியில் ஜிம் ஸ்மித்திடம் உதவியாளராக இருந்த ஸ்டீவ் மெக்லாரனைக் கொண்டுவந்தார். 1999 பிப்ரவரி. அவர் பெஞ்சில் வந்து உட்கார்ந்த முதல் மேட்சில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை 8-1. மாற்று வீரராக இறங்கிய சோல்ஷியர் மட்டும் நாலு கோல். மே மாசம் லீக், எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றும்.

அருண்: அப்படியென்றால் டெர்பிதான் பாவம்.

மாமா: டெர்பியை யார் கேட்டார்கள்?

நந்தினி: மாமா, உங்கள் கதையில் ஒரு விஷயம் இருக்கிறது. மெக்லாரனுக்கு டெர்பியில் என்ன வேலையோ அதே வேலைதான் யுனைடெட்டிலும், பயிற்சி நடத்துவது. ஜோவருக்கும் அப்படித்தான், மூன்று கிளப்பிலும் கார்னர்தான். கிட்டைக் கூட்டிப்போன இடத்தில் வேலையே மாறிவிட்டது. தோளைத் தட்டிக் கொடுத்தவர் இப்போது ஆளை டீமிலிருந்து நீக்க வேண்டும்.

பிரபு: அர்டேட்டாவும் உதவியாளராக இருந்து தலைமைக்கு வந்தவர்தானே? ஜெயிக்கவில்லையா?

நந்தினி: வந்த சீசன் எட்டாவது இடம். அடுத்த சீசனும் எட்டாவது இடம். எங்கள் முதலாளியாக இருந்திருந்தால் இரண்டாவது எட்டாவது இடத்தை அர்டேட்டா டிவியில்தான் பார்த்திருப்பார். உங்கள் ஆட்கள் வைத்துக்கொண்டார்கள், அவர் கேட்ட ஜோவரைப் போன்ற ஆட்களையும் ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்கள். பாட்டருக்கு ஒரு கோடைப் பயிற்சி முகாம்கூடக் கிடைக்கவில்லை. வந்ததே செப்டம்பரில்.

பிரபு: இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாட்டரின் ஆட்டமும் அந்த டீமுக்குச் சரிவரவில்லை, அதையும் சொல்.

நந்தினி: சரி, அதுவும்தான்.

சித்தப்பா: அந்த ஊரில் நோட்டீஸ் பீரியட் எல்லாம் உண்டா? இவர் நாளைக்கே அங்கே கத்திரி பிடிக்கப் போகிறார்.

அருண்: கார்டனிங் லீவ் என்று ஒன்று உண்டு அப்பா. ஆள் போகிறேன் என்றதும் கிளப் அவரை வீட்டில் உட்கார வைத்துவிடும். சம்பளம் வரும், ஆனால் எதிராளியிடம் வேலைக்குப் போக முடியாது. நியூகாசிலில் விளையாட்டு இயக்குநராக இருந்த டான் ஆஷ்வொர்த்தை யுனைடெட் கேட்டது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை உட்கார வைத்தார்கள். அப்புறம் இழப்பீடு பேசி விட்டார்கள். யுனைடெட் அந்த டிசம்பரிலேயே அவரை அனுப்பிவிட்டது!

சித்தப்பா: வேலை செய்யாதவருக்குச் சம்பளமா? நம்மால் ஆகாது.

நந்தினி: அதில் ஒரு கணக்கு இருக்கிறது சித்தப்பா. அவர் மண்டையில் இருப்பது பழசாகட்டும் என்றுதான். யாரை வாங்கப் போகிறோம், எந்த வீரர் எவ்வளவு கேட்கிறார், எல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு டிரான்ஸ்ஃபர் சீசன் தாண்டிவிட்டால் அந்தத் தகவலுக்கு மதிப்புக் குறைந்துவிடும். உங்கள் மாஸ்டருக்கு எது தெரியும்? பையர் யார், என்ன ரேட் என்பதா, இல்லை துணியில் வேஸ்ட் வராமல் வெட்டுவதா?

சித்தப்பா: ரேட் தெரியாது. அது நானும் அக்கௌண்டன்டும்தான். அவர் கை சுத்தம், துணி வீணாகாது. பேட்டர்ன் அட்டைகள் எல்லாம் நம் கம்பெனியில்தான் இருக்கின்றன.

நந்தினி: அப்படியென்றால் பாதி தப்பித்தீர்கள். அவருக்குக் கீழே யார்?

சித்தப்பா: ஒரு பையன் இருக்கிறான். விருதுநகர்ப் பக்கம். துணியை அடுக்கி நன்றாகத்தான் லே போடுவான். தனியாக ஒரு ஆர்டர் வெட்டியதில்லை.

அருண்: கீத் ஆண்ட்ரூஸ்! 👏

சித்தப்பா: ஷிப்மெண்டை வைத்துக்கொண்டு பரீட்சை பார்க்கச் சொல்கிறாயா? ஈரோட்டில் ஒருவரைப் பற்றிச் சொன்னார்கள். நல்ல கை. இப்போது இருக்கும் இடத்தில் சம்பளம் கம்மியாம். ராத்திரி போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வரலாமா என்று பார்க்கிறேன்.

பிரபு: போட்டோகிராபர் இருக்கப் போகிறார் சித்தப்பா.

அத்தை: தம்பி, நான் ஒன்று கேட்கட்டுமா? இப்போது போகிற மாஸ்டர் உன்னிடம் வருவதற்கு முன் எங்கே இருந்தார்? பண்டிகைக்கு முந்தின நாள் பட்டாசும் ஸ்வீட்டும் வாங்கிக்கொண்டு ராயபுரத்தில் அவர் வீட்டுக்கு நீ போனது எனக்குத் தெரியாதா?

சித்தப்பா: அக்கா, அதெல்லாம் குழுவில் போடாதீர்கள்.

அருண்: அப்பா?? 😂

மாமா: நம் மச்சானும் ஒரு வெங்கடேஷம்தான்.

அம்மா: போதும், விடுங்கள். டெய்லர் நாலு பேரில் யாராவது திரும்ப வருவார்களா, அதை முதலில் கேளுங்கள் தம்பி. மாஸ்டருக்காகப் போகிறவர்கள் எல்லோருக்கும் போக மனசு இருக்காது.

சித்தப்பா: அதுவும் சரிதான் அண்ணி. இரண்டு பேருக்குப் பிள்ளைகள் நம் கம்பெனிக்குப் பக்கத்துப் பள்ளியில் படிக்கிறார்கள். இன்றைக்கே பேசுகிறேன். அருண், நீ நாளைக்குக் காலையில் அந்தப் பையனோடு கட்டிங்கில் நில். சின்ன ஆர்டர் ஒன்று இருக்கிறது, அதை அவன் வெட்டட்டும்.

அருண்: நாளைக்கு எனக்கு காலேஜ்.

சித்தப்பா: எட்டரைக்குப் போனால் போதும். ஏழு மணிக்கு வா.

மாமா: நேற்று இரண்டாவது கோல் பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பிரபு: ஆஃப்சைடு இல்லை மாமா. கார்னரிலிருந்து நேராக வருகிற பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது. ஜோவர் ஆட்களை அப்படிக் கோல்கீப்பர் மேலேயே கொண்டுபோய் நிறுத்துவது அதனால்தான்.

மாமா: அப்படியா. ரீப்ளே போடும்போது பார்க்கிறேன்.