லொறி ஓடத் தொடங்கிய வருடமும் வீட்டிலிருந்தவர்களும்

காரைதீவுச் சாரதி

முச்சக்கரவண்டியை விற்றுவிட்டு அரிசி ஆலை லொறியில் சாரதியாகச் சேர்ந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. வேலை எப்படிப்பட்டது என்று இந்தக் குழுவில் இருக்கும் லொறிச் சாரதிகளுக்கும் வீட்டாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. என் மனத்தை விட்டுப் போகாமல் இருப்பது ஒரு சப்பாத்து.

கொழும்புப் புறக்கோட்டையில் மூடை இறக்க நாட்டாமிமார் பிந்தி வந்ததால், பிற்பகலில் புறப்பட வேண்டிய நான் இரவு எட்டு மணிக்குத்தான் புறப்பட்டு, கண்டி, மகியங்கனை, மகாஓயா வழியாக எங்கும் படுக்காமல் வந்து, விடியற்காலை ஐந்தரைக்கு வீட்டுப் படலையைத் திறந்தேன். இரண்டாம் ஆண்டில் படிக்கும் மகளை அன்று நானே பாடசாலைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். முகம் கழுவி, தேநீர் குடித்து, அவளுடைய வெள்ளைச் சப்பாத்துகளில் ஒன்றை அணிவித்து லேஸ் கட்டியது நினைவிருக்கிறது. மற்றதைக் கையில் எடுத்தேன். கண் விழித்தபோது பகல் பதினொன்றரை. விறாந்தைச் சுவரில் சாய்ந்தபடி இருக்கிறேன். சப்பாத்து என் கையிலேயே இருக்கிறது. வெள்ளைப் பூச்சு உள்ளங்கை முழுவதும் ஒட்டியிருக்கிறது. என்னை எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவள் செருப்புடன் பாடசாலைக்குப் போயிருந்தாள்.

இந்த வேலையைத் தொடர்வதா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் இருந்திருந்தால் எழுதுங்கள்.

ஓட்டமாவடி மீன் லொறி

தம்பி, நீங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்து உறங்கினீர்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறங்கினேன். வாழைச்சேனைத் துறைமுகத்தில் மாலையில் மீன் ஏற்றினால், நள்ளிரவில் பேலியகொடைச் சந்தையில் நிற்க வேண்டும். பிந்தினால் விலை விழும், ஐஸ் கரையும், முதலாளியின் முகமும் மாறும். மூத்த மகனுக்குக் காய்ச்சல் என்று முதல் நாள் பகல் முழுவதும் வைத்தியசாலையில் நின்றுவிட்டு, ஒரு கண் உறக்கமும் இல்லாமல் அன்று மாலை வண்டியை எடுத்தேன். புணானையைத் தாண்டியதும் கிளீனர் பெடியன் என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தான். விழித்துப் பார்த்தால், விளக்கு வெளிச்சத்தில் வீதியின் நடுவே படுத்திருந்த ஒரு மாட்டின் கண்கள் இரண்டும் பச்சையாக மின்னுகின்றன. பிரேக் பிடித்து நின்ற இடத்தில் மாட்டுக்கும் பம்பருக்கும் இடையே நான்கு அடி கூட இல்லை. அந்த மாடு எழும்பவும் இல்லை.

ஆகவே, நீங்கள் வேலையை விடுவதா என்று யோசிப்பது தவறான கேள்வி என்பது என் கருத்து. சரக்கு இறக்கிய இரவே திரும்பி ஓடுவதா என்பதைத்தான் யோசிக்க வேண்டும். வெறும் லொறியில் இருப்பவனுக்கு அவசரம் என்ன? கண்டிக்கு இப்பால் எங்காவது மூன்று மணித்தியாலம் படுத்துவிட்டு எட்டரைக்கு வந்திருந்தால், பிள்ளைக்கு இரண்டு காலிலும் சப்பாத்து இருந்திருக்கும்.

களுவாஞ்சிக்குடி, சாரதியின் மனைவி

மேலே எழுதிய இருவரும் வீட்டைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வீட்டிலிருந்த மனைவியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தப் பிள்ளையைச் செருப்புடன் கூட்டிப்போய், வகுப்பாசிரியை கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னவர் யார் என்று அறிய விரும்புகிறேன். ஓட்டமாவடி அண்ணன் எட்டரைக்கு வரச் சொல்கிறார். பாடசாலை ஏழரைக்குத் தொடங்குகிறது என்பதைக் கூட வீட்டில் இருக்கும் ஒருவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் கதை 2022 ஆம் ஆண்டுக்குரியது. யூன் மாத இறுதியில் டீசல் லீற்றர் 460 ரூபாவாக உயர்ந்ததும், அதைக் கொடுக்கவும் செட்டில் டீசல் இல்லாமல் போனதும் எல்லோருக்கும் தெரியும். அவர் புதிதாக வாங்கிய லொறியுடன் வரிசையில் நின்றார். வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத் தூரம். மூன்று நாட்கள் அங்கேயே கிடந்தார். நான் மூன்று வேளையும் சோற்றுப் பாத்திரத்துடன் போனேன். பிள்ளைகள் பின்னேரத்தில் வந்து கெபினுக்குள் ஏறி, ஸ்டியரிங்கில் கொப்பியைச் சாய்த்து வைத்துப் பாடம் எழுதினார்கள். இரண்டாம் இரவு மழை பெய்தது. நால்வரும் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே நெருங்கி இருந்தோம். சின்னவன் அவருடைய மடியிலேயே உறங்கிவிட்டான். லீசிங் தவணை கட்ட வழியில்லாத அந்த இரவில், எனக்குள் ஒரு சந்தோசம் இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்து டீசல் கிடைத்ததும் அவர் தம்புள்ளைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு தொடர்ந்து மூன்று நாட்கள் அவர் எங்களுடன் இருந்ததில்லை.

சம்மாந்துறை மூத்த சாரதி

மன்னம்பிட்டியில் ரயிலும் வாகனமும் ஒரே பாலத்தில் போன காலத்தில் நான் தொடங்கியவன். 2007 இல் புதிய பாலம் திறக்கப்படும்வரை, அந்த முனையில் காத்திருந்த மணித்தியாலங்களைக் கூட்டினால் ஒரு வருடம் வரும். ஒரு நாள் வரிசையில் நிற்கும்போது, பாலத்தால் இறங்கி எதிரே வந்த எங்கள் ஊர்ச் சாரதி கண்ணாடியை இறக்கி, "உனக்கு ஆம்பிளப் புள்ளையாம்" என்று கத்தினார். தாய் நலமா என்று நான் கேட்பதற்குள் எங்கள் வரிசை நகர்ந்துவிட்டது. பதில் தெரிய இரண்டு நாட்கள் ஆயின. கைத்தொலைபேசி இல்லாத நாட்கள் அவை.

தம்பி கேட்காவிட்டாலும் சிலவற்றைச் சொல்ல வேண்டியது என் கடமை. முதலாவது, உங்கள் அனுமதிப்பத்திரம் சி1 வகையா, சி வகையா என்று பாருங்கள். மொத்த நிறை 17,000 கிலோவரை சி1 போதும்; அதற்கு மேற்பட்ட லொறியின் சாவியை முதலாளி தந்தால் வாங்காதீர்கள், விபத்து நடந்தால் காப்புறுதி கைவிரிக்கும். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் பரிசோதனையை ஒரு சடங்காக நினைக்காதீர்கள். எனக்குச் சீனி வியாதி இருப்பது அங்கு போன பிறகுதான் தெரிந்தது. அடுத்தது, சம்பளம். ட்ரிப் கணக்கில் கூலி வாங்குகிறவன் உறங்கமாட்டான். உறங்கினால் காசு இல்லை. மாதச் சம்பளம் கேளுங்கள். அத்துடன் ஊழியர் சேமலாப நிதியும் கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி 12 வீதம் போடவேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம் அவர் தனியாகக் கட்டவேண்டும். சாரதிக்கு எதற்கு இது என்று சிரிப்பார்கள். நானும் சிரித்தவர்களுடன் சேர்ந்து சிரித்தேன். இன்று அறுபத்திரண்டு வயதில் என் கையில் ஒன்றும் இல்லை. பாரம் ஏற்றிய லொறியுடன் கண்டி, மகியங்கனை வீதியிலுள்ள பதினெட்டு வளைவுப் பாதையை நாடாதீர்கள். தூரம் கூடினாலும் பொலன்னறுவை, ஹபரணை வழியாகப் போங்கள். சொந்த லொறி ஆசையை ஐந்து வருடங்களுக்கு ஒத்திவையுங்கள். களுவாஞ்சிக்குடித் தங்கச்சி எழுதிய தவணைக் கவலையை ஒருமுறைக்கு இருமுறை வாசியுங்கள்.

ஓட்டமாவடி மீன் லொறி

மூத்தவர் சொன்ன மற்றவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பாதை விடயத்தில் அவர் பகல் ஓட்டத்தை நினைத்து எழுதுகிறார். இரவில் அவர் சொல்லும் பொலன்னறுவை வழியில் வெலிக்கந்தைப் பக்கம் யானை வீதிக்கு வந்தால், வளைவுகளே மேல் என்று தோன்றும். தங்கச்சி ஏழரை என்று திருத்தியதை ஒப்புக்கொள்கிறேன். என் பிள்ளைகள் எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து புறப்படுகிறார்கள் என்பதை இன்றுதான் மனைவியிடம் கேட்டு அறிந்தேன். ஆறு ஐம்பது.

காரைதீவுச் சாரதி

எல்லோருக்கும் நன்றி. அக்கா கேட்டதற்குப் பதில்: கூட்டிப்போனவர் என் மனைவிதான். காலில் முள் குத்திவிட்டது என்று ஆசிரியையிடம் பொய் சொன்னாராம். நான் எழுதாமல் விட்டது பிழைதான்.

மாதச் சம்பளம் பற்றி முதலாளியிடம் பேசினேன். சேமலாப நிதிக்குப் பிடிகொடுக்கவில்லை. ஆனால் சரக்கு இறக்க இரவாகிவிட்டால் மறுநாள் காலையில் திரும்பலாம் என்று ஒப்புக்கொண்டார். கடந்த வாரம் அப்படித்தான் வந்தேன். மகாஓயாவில் தேநீருக்கு நிறுத்தியபோது வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. தானே இரண்டு சப்பாத்துக்கும் லேஸ் கட்டிவிட்டதாக மகள் சொன்னாள். எப்படிக் கட்டினாய் என்று கேட்டேன். முதலில் முயல் காது போல ஒன்று, பிறகு இன்னொன்று என்று அவள் விளக்கிக்கொண்டே போனாள். தேநீர் ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.