கால் தையல் மிஷினுக்குப் பதிலா எந்த மிஷின் வாங்கலாம்? ஹெல்ப் பண்ணுங்க

வணக்கம் அக்காமார்களே, நான் மலேசியாவுல, பினாங்கு பட்டர்வொர்த்துல இருக்கேன், வீட்டுலயே ப்ளவுஸ், பாஜு குரோங் (மலாய்ப் பெண்கள் போடுற நீள உடை) தைச்சுக் கொடுக்கிறேன். இவ்வளவு நாளா அம்மாவோட பழைய கறுப்பு கால் மிஷின்தான், இரும்பு பாடி, தூக்கவே ரெண்டு ஆள் வேணும். இப்ப நடுவுல நடுவுல தையல் விடுது. ஊசி மாத்தியாச்சு, எண்ணெய் போட்டாச்சு, நூல் டென்ஷனும் திருகிப் பார்த்தாச்சு. ரிப்பேர் பண்ற அங்கிள் ஷட்டில் (கீழ் நூலைக் கோர்க்கிற பாகம்) தேஞ்சு போச்சு, இனிமே கஷ்டம்தான்மான்னு சொல்லிட்டாரு.

அதான் கரண்ட் மிஷின் வாங்கலாம்னு. பட்ஜெட் 900 ரிங்கிட், கூடிப்போனா 1000. பழசுல நேர் தையல் மட்டும்தான், ஜிக்ஜாக் கிடையாது, ஓரம் எல்லாம் கையாலதான் அடிப்பேன், காஜாவும் அப்படித்தான், கண்ணே போயிடும் போல. அது ரெண்டும் கண்டிப்பா வேணும். இருந்தாலும் லைனிங் வச்சு, மேல சரிகை பார்டர் வந்து, தோள்கிட்ட நாலஞ்சு மடிப்பு சேருமே, அங்க இந்த லேசான பிளாஸ்டிக் மிஷின் எல்லாம் தாங்குமா?

கடையில ஒரு பையன் கம்ப்யூட்டர் மாடலைத்தான் வாங்க சொல்றான், நூறு டிசைனாம். எனக்கு எதுக்குப்பா பூ டிசைன்? உள்ள இருக்கிற எலக்ட்ரானிக் போர்டு போச்சுன்னா செலவு யாரு பார்க்கிறது? ஜூக்கி பிராண்ட் மாதிரி நேர் தையல் இண்டஸ்ட்ரியல் மிஷின் நல்லாதான் தைக்கும், ஆனா டேபிளோட ஃப்ளாட்ல வைக்க இடமில்ல, ஜிக்ஜாக்கும் வராது.

பாபின் (கீழ் நூல் சுத்துற சின்ன உருளை) மேல இருந்து போடுறது நல்லதா, முன்னாடி போடுறதா? பினாங்குப் பக்கம் நம்பி வாங்குற கடை, செகண்ட்ஹேண்ட் ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க. தீபாவளி ஆர்டர் வர ஆரம்பிச்சுடுச்சு, கொஞ்சம் சீக்கிரம் லா. பழசை விக்கமாட்டேன், கேட்காதீங்க.